என் விளக்கும் பிறர் கண்ணும்

இரவுப் பயணத்துக்கு வேண்டுவது மிகுந்த ஒளியே என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையானது என்பதை ஒரு முதியவரின் முறிந்த கை எனக்குக் கற்பித்தது.

எங்கள் வீடு பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியோரத்தில் உள்ளது. இருமருங்கும் வயல்கள். பொழுது சாய்ந்தபின் கட்டாக்காலி மாடுகள் சூடு தேடித் தார்வீதியிற் படுத்துக்கொள்ளும். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருந்த பழைய மின்குமிழின் மங்கிய ஒளியில் அவற்றைக் கண்டுகொள்வது கடினம். விடுமுறையில் ஊர் சென்றிருந்த நான், பட்டணத்துக் கடையொன்றில் வெண்ணிற எல்.ஈ.டி. குமிழொன்றை வாங்கி, நானே பொருத்தினேன். அன்றிரவு வீதி பகல்போலத் தோன்றிற்று. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு, வயலிலிருந்து ஒரு மூடை நெல்லைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். எதிரே ஒருவர் துவிச்சக்கர வண்டியில் வந்தார். கையை உயர்த்திக் கண்ணை மறைத்தார். மறுகணம் வீதியை விட்டு விலகி வாய்க்காலுள் விழுந்தார். ஓடிச்சென்று தூக்கினேன். எங்கள் அயலிலே கூலிக்கு வயல்வேலை செய்யும் முதியவர். மணிக்கட்டு முறிந்திருந்தது. அவர் என்னை ஏசவில்லை. "தம்பி, உன்ர லைற் வந்தாப்பிறகு எனக்கு றோட்டே தெரியேல்லை" என்று மட்டுமே சொன்னார். அவ்வாண்டுச் சிறுபோகத்தில் அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை.

மறுநாள் வண்டியைத் திருத்துபவரிடம் கொண்டு சென்றேன். முன்விளக்கின் குழிவான தெறிப்பி, குமிழின் இழை இருக்கும் இடத்தைக் கணித்தே அமைக்கப்பட்டது. வேறு வகைக் குமிழை அதனுள் வைத்தால் ஒளி வீதியில் விழாமல் நாற்புறமும் சிதறும் என்று அவர் விளக்கினார். நெல்மூடையின் பாரத்தால் வண்டியின் பின்புறம் தாழ, முன்விளக்கு மேல்நோக்கியிருந்தது என்பதையும் சுட்டிக்காட்டினார். போதாக்குறைக்கு நான் உயர்கதிரையே போட்டிருந்தேன். என் வீதியைப் பகலாக்கிய அதே ஒளி அவருடைய வீதியை முற்றாக இருளாக்கிவிட்டது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். கண் கூசியவனுக்குப் பார்வை மீள மூன்று வினாடி எடுப்பின், அவன் 50 மீற்றர் தூரத்தைக் குருடனாகவே கடக்கிறான். முதியோருக்கு இன்னும் கூடிய நேரம் எடுக்கும். எதிரே வருபவன் பாரவூர்திச் சாரதியாயின், அவன் வழியில் நிற்பவர் கதி என்ன?

அவ்வாறாயின் நல்ல முன்விளக்கு எது? வீதியையும் அதன் ஓரத்தையும் காட்டி, எதிரே வருபவரின் கண்ணைத் தீண்டாது விடுவதே நல்ல விளக்கு. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வண்டிக்குரிய வகைக் குமிழையே பொருத்தலாம். மங்கிய கண்ணாடியைத் துடைக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சுவரில் விழும் ஒளியைப் பார்த்து விளக்கின் சாய்வைச் சரிசெய்யலாம். பாரம் ஏற்றினால் மீண்டும் பார்க்கலாம். நான் பழைய வகையிலேயே புதிய குமிழொன்றை வாங்கிப் பொருத்தினேன். வீதியிற் படுத்திருக்கும் மாடு இப்போதும் தெரிகிறது. முன்னிலும் மெதுவாகச் செல்வதால் அதற்கு முன்னரே நிறுத்தவும் முடிகிறது.

எதிரே வருவோரைக் கமராவினாற் கண்டறிந்து, அவர் இருக்கும் பக்கத்தை மட்டும் தானே இருளாக்கும் முன்விளக்குகள் இன்று வந்துவிட்டன. ஐரோப்பாவில் முன்னரே பழக்கத்துக்கு வந்த இவற்றை அமெரிக்கா 2022ஆம் ஆண்டில் அனுமதித்தது. எங்கள் ஊர் வீதிக்கு அவை எப்போது வருமோ! ஆயினும், ஒளியைத் தாழ்த்தும் ஆளி என் இடக்கைப் பெருவிரலின் அருகிலேயே இருக்கிறது. அன்றிரவும் அது அங்கேதான் இருந்தது.