இன்றைய புள்ளியும் நாளைய புள்ளியும்

பேஸ்போல் நம் ஊரில் யாரும் ஆடுவதில்லை. எனக்கும் அதன் சட்டதிட்டங்கள் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அந்த விளையாட்டில் ஆள் தெரிவு செய்யும் விதம் பற்றி வாசிக்கக் கிடைத்தால் விடமாட்டேன். ஆசிரியத் தொழில் பழக்கிவிட்ட பழக்கம்.

அமெரிக்காவில் பெரிய அணிகளுக்குக் கீழே மைனர் லீக் என்று பல படிகள் உண்டு. இளம் வீரர்கள் அங்கே ஆடித்தான் மேலே போக வேண்டும். அந்தச் சின்ன மைதானங்களில் வேகம் அளக்கும் கருவியும் கொப்பியுமாகச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கவுட் என்பார்கள். இடதுகைப் பந்துவீச்சாளன் ஒருவன் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். உலகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் இடதுகைக்காரர். மேஜர் லீக் பந்துவீச்சாளர்களிலோ ஏறத்தாழ நான்கில் ஒருவர். வாஸையும் ஹேரத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பெறுமதி விளங்கும்.

அவர்கள் புள்ளி போடும் முறைதான் எனக்குப் பிடித்தது. 20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. வேகம், வளைவு, குறி தவறாமை என்று ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு புள்ளிகள். ஒன்று இன்றைக்கு. மற்றது வளர்ந்த பிறகு. 19 வயதுப் பையனுக்கு இன்று 35, நாளை 55 என்று எழுதலாம். அந்த இடைவெளியை நம்பித்தான் பயிற்சியும் பணமும் பொறுமையும் செலவாகின்றன.

கணிப்பு பிழைப்பதும் உண்டு. 1991இல் பிரையன் டெய்லர் என்ற இடதுகைப் பையனை நியூயோர்க் யாங்கீஸ் அணி முதலாவது ஆளாகத் தெரிவு செய்து 15 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்தது. 1993 டிசம்பரில் சகோதரனுக்காகப் போன ஒரு கைகலப்பில் அவரது இடது தோள் சிதைந்தது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை.

மார்க் பியூர்லி இன்னொரு இடதுகைக்காரர். பாடசாலை அணியிலேயே கழித்துவிடப்பட்டவர். வேகமும் பெரிதாக இல்லை. 1998இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பிறகு, 38ஆவது சுற்றில்தான் சிக்காகோ வைட் சொக்ஸ் அவரைத் தெரிவு செய்தது. 2000ஆம் ஆண்டே மேஜர் லீக்குக்கு வந்தார். 2009இல் எதிரணியின் 27 பேரையும், ஒருவரைக்கூட பேஸுக்குப் போகவிடாமல் ஆட்டமிழக்கச் செய்தார். மொத்தம் 214 வெற்றிகள்.

38ஆவது சுற்று என்று ஒன்று இருந்ததால்தான் பியூர்லி கிடைத்தார். முதல் சுற்றோடு கதவைச் சாத்தியிருந்தால்?

நாம் சாத்துகிறோம். தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேல் உள்ள பிள்ளைக்குப் பதாகை. கீழே உள்ள பிள்ளைக்கு ஒரு பேச்சும் இல்லை. அடுத்த நாள் பாடசாலைக்கு வர வெட்கப்பட்டு வீட்டிலேயே நின்ற பத்து வயதுப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நமது முன்னேற்ற அறிக்கையில் இருப்பதும் இன்றைய புள்ளி மட்டும்தான். நாளைய புள்ளிக்கு அதில் இடமே இல்லை.

உம்மா வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் “எத்தனை புள்ளி சேர்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “இவன் எதில் வளருகிறான்?” என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியது எங்கள் கடமை.