பாவைப்பிள்ளையின் சட்டை

பாவைப்பிள்ளைக்குச் சட்டை தைப்பது பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சிறுமியரின் விளையாட்டு, ஓய்வுநேரப் பொழுதுபோக்கு, மிஞ்சினால் மனைப்பொருளியல் ஆசிரியையின் அலுவல் என ஒதுக்கிவிடத் தக்க விடயமாகவே இது தோன்றும். ஆயினும், உழைப்பைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் நாம் மேடைகளிலே பேசுகின்ற உண்மைகள் பல, ஒரு சாண் நீளமுமில்லாத இச்சட்டைக்குள் மடித்துத் தைக்கப்பட்டுள்ளன என்பது எமது எண்ணம். மூன்று ஆண்டுகளாக ஏழாம், எட்டாம் தர மாணவர்களோடு அமர்ந்து பாவைச் சட்டை தைத்துவரும் தமிழாசிரியர் என்ற முறையில் அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

முதலில் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, 1980இல் இலவசப் பாடநூலையும், 1990களிலே சீருடைத் துணியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அத்துணி துணியாகவே வருகின்றது, சட்டையாக வருவதில்லை. வெட்டுவதும் தைப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. கழுத்தின் வட்டத்திலும் கக்கத்தின் வளைவிலும் வெட்டுண்டு விழும் வெள்ளைத் துண்டுகள் தையற்கடையின் மூலையிலே சாக்கொன்றிற் கிடக்கும். அந்தச் சாக்குத்தான் எமது மூலதனம். ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொணர்ந்தவை. வெட்டு மாதிரிகளோ இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை வரைந்தோர் யார், எந்நாட்டவர் என்று நாம் அறியோம். ஆயினும், ஒவ்வொரு மாதிரியையும் வரைந்து, வெட்டி, தைத்துப் பார்த்து, பொருந்தாத இடத்தைத் திருத்தி, மீண்டும் வரைந்த உழைப்பு அதன் பின்னால் உண்டு. அவ்வுழைப்பைப் பிறருக்கென வைத்துச் சென்றிருக்கின்றனர்.

வெட்டு மாதிரி என்பது யாது? உருண்டு திரண்ட உடலொன்றைத் தட்டையான தாளிலே எழுதிவைத்த எழுத்து அது. அதனை வாசிக்கப் பழக வேண்டும். தாளிற் காணப்படும் அம்புக்குறி, துணியின் நேரிழை எத்திசையில் ஓட வேண்டும் என்பதைச் சொல்கின்றது; அம்பைத் துணியின் கரைக்கு இணையாக வைக்காவிடின் பாவாடை ஒருபுறம் கோணித் தொங்கும். வெளிக்கோடு வெட்டுவதற்கு, உட்கோடு தைப்பதற்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட கால் அங்குலமே தையல் பிரிந்துபோகாமல் காப்பது. முன்கழுத்து பின்கழுத்திலும் தாழ்ந்திருப்பதற்கும், கையின் மேல்விளிம்பு மணியின் வடிவிலே வளைந்திருப்பதற்கும் காரணம் உடலிலே உண்டு. நிலப்படத்தில் மலையைக் காணக் கற்ற மாணவன், இத்தாளிலே தோளைக் காணக் கற்கின்றான். கேத்திரகணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளை, தான் அஞ்சுவது இன்னதென்று அறியாமலே அதனைக் கத்தரிக்கோலாற் செய்துவிடுகின்றது.

சிறிய உருவுக்குத் தைப்பது எளிதென்று எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்க்கலாம். எம்மிடமுள்ள பாவை பதினொன்றரை அங்குல உயரமானது. மனித உருவின் ஆறிலொரு பங்கு எனலாம். நீளத்தையும் அகலத்தையும் ஆறிலொன்றாக்கலாம். நூலின் பருமனை அவ்வாறு குறைக்க இயலாது. ஆகவே எமக்குப் பெரிய சட்டையில் அடங்கிக்கிடக்கும் மடிப்பு, பாவையின் கழுத்திலே பலகைபோல் விறைத்து நிற்கும். சீருடைத் துணி பாவாடைக்கு ஆகும். மேற்சட்டைக்குத் தேய்ந்த நூற்சேலையோ பழைய கைக்குட்டையோதான் வளைந்து கொடுக்கும்.

தைக்கும் ஒழுங்கும் வேறு. தோள்களை முதலிற் பொருத்த வேண்டும். பின்பு துணி விரிந்து கிடக்கையிலேயே கையைக் கக்கத்தின் வளைவிலே வைத்துத் தைக்க வேண்டும். அதன் பின்னரே மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூட வேண்டும். பக்கத்தை முன்னரே மூடிவிட்டால், விரலும் நுழையாத துளைக்குள் கையைப் பொருத்தும் துன்பம் நேரும். பாவை தன் கையை மடித்துக் கொடுக்காது. எனவே முதுகுப்பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். அங்கே ஓர் அழுத்துத் தெறி போதும். விறைத்து நீண்ட பெருவிரல் துணியிலே சிக்காதிருக்க, கைக்கு மெல்லிய தாளைச் சுற்றிவிட்டுச் சட்டையை மாட்டலாம். அச்சிட்டெடுத்த மாதிரியில் ஓர் அங்குலச் சதுரம் இருக்குமானால், வேறெதையும் வெட்டுமுன் அதனை அடிமட்டத்தால் அளந்து பார்த்தல் வேண்டும். அச்சுப்பொறி தாளைச் சற்றே சுருக்கினும் சட்டை பாவைக்கு ஏறாது.

இவ்வாறு, கழுத்துப்பட்டியற்ற எளிய சட்டை ஒன்றைத் தைத்து முடிக்க எமது மாணவருக்கு நாற்பது நிமிடப் பாடவேளைகள் மூன்று தேவைப்பட்டன. மூன்றாம் பாடவேளையின் முடிவில் ஒரு மாணவன், நூலைப் பல்லாற் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டான்: “சேர், இந்தச் சின்னச் சட்டைக்கே இவ்வளவு நேரமெண்டால், நாங்கள் போடுற சேட்டைத் தைக்கிற ஆக்களுக்கு எவ்வளவு குடுக்கிறாங்கள்?”

உபயோகப் பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என்றெல்லாம் நாம் பல்கலைக்கழக விடுதியிலே இரவிரவாக விவாதித்ததுண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அக்கேள்வியை எழுப்பியது நூலன்று, ஊசி. அக்கேள்விக்கு வரலாறு உண்டு.

1863ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டிலே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர், பல அளவுகளில் அமைந்த தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதற்கு முன், ஏடுகளில் ஒரே அளவில் வெளிவந்த மாதிரிகளை ஒவ்வொருவரும் தம் உடலுக்கேற்பப் பெருக்கியோ சுருக்கியோ வரைய வேண்டியிருந்தது. அதே ஆண்டில் பாரிசிலே ‘லா பூப்பே மொடெல்’ என்னும் சிறுமியர் ஏடு தோன்றிப் பாவைகளுக்கான வெட்டு மாதிரிகளை வழங்கியது. அதே ஆண்டு யூன் மாதத்தில், இலண்டனிலே மேரி ஆன் வோக்லி என்ற 20 வயதுத் தையற்பெண் இறந்தாள். வேல்ஸ் இளவரசியைச் சிறப்பிக்கும் நடன விழாவுக்குச் செல்லும் சீமாட்டிகளின் ஆடைகளை முடிப்பதற்காக, வேறு 60 பெண்களோடு 26½ மணி நேரம் இடைவிடாது தைத்தவள் அவள். ஓர் அறைக்கு 30 பேர். வெள்ளிக்கிழமை நோயுற்றாள், ஞாயிற்றுக்கிழமை மாண்டாள். கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்றொகுதியில், வேலைநாள் பற்றிய அதிகாரத்திலே அவள் பெயரைப் பதிந்து வைத்தமையால் அவளை நாம் அறிகின்றோம். ஒரே ஆண்டில், ஒரே ஊசி, ஒரு வீட்டிலே செல்வச் சிறுமியின் விளையாட்டாகவும், இன்னோர் அறையிலே ஏழைப்பெண்ணின் மரணமாகவும் இருந்தது.

1905 பெப்ரவரி 2ஆம் நாள் பிரான்சிலே ‘லா செமேன் தெ சுசெத்’ என்னும் சிறுமியர் வார ஏடு வெளிவரத் தொடங்கியது. ஓராண்டுச் சந்தா செலுத்திய சிறுமியருக்கு ‘புளுவெத்’ என்னும் 27 சென்ரிமீற்றர் உயரமான பாவை கிடைத்தது. அப்பாவைக்குரிய வெட்டு மாதிரிகளும் தையற் குறிப்புகளும் ஏட்டிலே தொடர்ந்து வந்தன. உலகப்போர்க்கால இடைவெளி நீங்கலாக, 1960 வரை அவ்வேடு நடந்தது. தலைமுறை தலைமுறையாகச் சிறுமியர் அதனால் தையல் கற்றனர் என்பது உண்மை. நல்ல இல்லத்தலைவியரை உருவாக்குவதே அக்கல்வியின் நோக்கம் என்பதும் உண்மை. அதே ஏட்டின் முதலிதழிலேதான் ‘பெக்கசின்’ என்னும் சித்திரக்கதை மாந்தரும் பிறந்தாள். பிரித்தானி மாகாணத்திலிருந்து வேலைக்கு வந்த பணிப்பெண் அவள். அறியாமையால் நகைப்புக்கு இடமாகின்றவள். அவளுடைய முகத்திலே பெரும்பாலும் வாய் வரையப்படவில்லை. எசமானியின் மகளுக்கு இலவசமாக வெட்டு மாதிரி வழங்கிய அதே தாள், பணிப்பெண்ணுக்கு ஒரு வாயைத்தானும் வழங்கவில்லை. அறிவை இலவசமாக வழங்குவோரைப் போற்றும்போது, அது யாருக்கு, எதற்காக வழங்கப்படுகின்றது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

1959 மார்ச்சிலே நியூயோர்க் விளையாட்டுப்பொருட் கண்காட்சியில் ‘பார்பி’ அறிமுகமானாள். விலை 3 டொலர். ஆடைகளோ தனியே விற்கப்பட்டன. ஒரு பாவையை வாங்கியவள் பல சட்டைகளை வாங்க வேண்டும் என்பதே வாணிபத்தின் இரகசியம். முதற்பாவைகள் செய்யப்பட்டது யப்பானிலே; அவற்றின் ஆடைகளைத் தைத்தோர் அந்நாட்டிலே வீட்டிலிருந்து வேலை செய்த தொழிலாளர்கள். தைத்த கையும் விளையாடிய கையும் ஒன்றையொன்று அறியாவண்ணம் இடையிலே ஒரு சமுத்திரம் கிடந்தது.

அச்சமுத்திரத்தின் கரையிலேதான் நாமும் இருக்கின்றோம். 1978இல் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. எமது பாடசாலைச் சுற்றாடலிலிருந்து தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ், பொழுது புலருமுன் புறப்படுகின்றது. அதிலே செல்லும் பெண்களின் பிள்ளைகள் எமது வகுப்பிலே அமர்ந்திருக்கின்றனர். அத்தாய்மாரில் ஒருவர் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, மகள் தைத்த பாவைச் சட்டையைக் கையிலெடுத்தார். உட்புறத்தைப் புரட்டித் தையலை நகத்தால் நீவிப் பார்த்தார். “நல்ல இறுக்கமாத் தைச்சிருக்கிறாள். நான் ஏழு வருசமா கை மட்டுந்தான் பொருத்திறன், சேர். கழுத்து ஒராள், தெறி ஒராள். முழுச் சட்டை ஒண்டு என்ரை கையால ஒருநாளும் முடிஞ்சதில்லை” என்றார். குறைகூறும் தொனியில் அவர் அதைச் சொல்லவில்லை. வேலையின் விபரத்தைச் சொல்வதுபோலவே சொன்னார். மகளோ அன்று முழுச்சட்டை ஒன்றை முடித்திருந்தாள்.

தையல் தெரிந்த பெண்ணுக்குக் கூலி குறைவாய் இருப்பது ஏன்? அவள் அத்திறனை வீட்டிலே காசின்றிக் கற்றாள்; ஆதலால் அது திறனே அன்று, பெண்ணுக்கு இயல்பாய் அமைந்த விரல்நயம் என்பது முதலாளியின் கணக்கு. தெருவோரக் கடையில் மெசினுக்கு முன்னால் ஆண் அமர்ந்தால் அது தொழில். வீட்டுத் திண்ணையிலே பெண் ஊசியெடுத்தால் அது கடமை. அதே பெண் தொழிற்சாலைக்குச் சென்றால் அது மலிந்த உழைப்பு. இந்த மூன்று கணக்கையும் உடைப்பதற்கு, தையல் ஓர் அறிவு என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். அதனால்தான் எமது வகுப்பிலே ஆண்பிள்ளைகளின் கையிலும் ஊசியைக் கொடுத்தோம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. பையனைப் பாவையோடு இருத்துவதா என்று தந்தையர் சிலர் வினவினர். அவர்களது சட்டையைத் தைத்தவரும் ஓர் ஆண்தான் என்பதை நினைவூட்டினோம். முற்போக்கு நண்பர் ஒருவரின் கண்டனமே சிந்திக்கத் தக்கது. அடுப்பையும் ஊசியையும் விட்டுப் பெண் வெளியேற வேண்டிய காலத்தில், அவளை மீண்டும் ஊசிக்கே அழைக்கலாமா என்றார். ஊசி விலங்கன்று, ஊசியைப் பெண்ணின் கைக்கு மட்டும் பூட்டிவிட்டு, அவள் தைத்ததற்குக் கூலி மறுப்பதே விலங்கு என்பது எமது விடை.

தமிழிலே ‘தையல்’ என்னும் சொல் தைத்தற்றொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். சங்கப் பாடல்களிலே மணலாற் செய்த வண்டற்பாவையும் பஞ்சாய்க் கோரையாற் செய்த பாவையும் சிறுமியர் விளையாட்டாகவே வருகின்றன. ஔவையாரின் ஆத்திசூடியிலே பெண்ணைத் தாழ்த்தும் இடத்தில் நின்ற அச்சொல்லை, பாரதி தம் புதிய ஆத்திசூடியிலே பெண்ணை உயர்த்தும் இடத்துக்குக் கொணர்ந்தார். பாரதி பெண் என்ற பொருளில் அதைச் செய்தார். தொழில் என்ற பொருளிலும் அச்சொல்லை உயர்த்தும் கடன் ஆசிரியராகிய எமக்கு எஞ்சியுள்ளது.

பாவைச் சட்டை தைத்ததனால் எவருடைய சம்பளமும் உயர்ந்துவிடாது. தொழிற்சங்கம் செய்ய வேண்டியதை ஊசி செய்யாது. ஆனால், கக்கத்தின் வளைவிலே ஒரு கையைப் பொருத்தி, அது கோணிப்போகப் பிரித்து மீண்டும் பொருத்திய பிள்ளை, நாளை ஆடைத் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்கின்றனர் என்ற செய்தியை வாசிக்கும்போது, அவர்கள் கேட்பது எதற்கு என்று தன் விரல்களால் அறிந்திருக்கும்.

சென்ற கண்காட்சியிலே பிள்ளைகள் தைத்த சட்டைகளை மேசையிலே பரப்பி, ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் அட்டை வைத்தோம். அதில் விலை எழுதப்படவில்லை. துணி எங்கிருந்து வந்தது, மாதிரியை வரைந்தவர் யார், வெட்டியவர் யார், தைத்தவர் யார், எத்தனை மணி நேரம் சென்றது என்பவற்றையே பிள்ளைகள் தம் கையால் எழுதினர். மாதிரியிலே வரைந்தவரின் பெயர் இல்லாத இடத்தில், ‘பெயர் தெரியாத ஒருவர்’ என்று எழுதியிருந்தனர். பார்க்க வந்தோருட் சிலர் அட்டையை வாசித்தபின் தாம் அணிந்திருந்த சட்டையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்ததை நாம் கண்டோம். அங்கே நிறுவனத்தின் பெயர் இருந்தது. தைத்தவரின் பெயர் இல்லை.

ஆசிரிய நண்பர்கள் தத்தம் பாடசாலைகளில் இதனைச் செய்து பார்க்கலாம். தையற்கடைக்காரரிடம் கேட்டால் வெட்டுத்துண்டுகளைச் சாக்கோடு தருவார். ஆணும் பெண்ணும் ஒரே வாங்கில் அமர்ந்து தைக்கட்டும். அட்டையை எழுத மட்டும் மறக்க வேண்டாம்.