பூஞ்சையால் நோயா, நோயால் பூஞ்சையா? – அன்டன் டி பாரியின் ஆய்வு வாழ்வு

கருகிய இலையொன்றின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கிறது. பூஞ்சை வந்ததால் இலை கருகியதா, இலை கருகியதால் பூஞ்சை வந்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியத் தாவரவியலாளர் பலரும் இரண்டாவது விடையையே ஏற்றிருந்தனர். மனிதத் தோலில் கொப்புளம் எழுவது போல, தாவரத்தின் கெட்ட சாறுகளிலிருந்து பூஞ்சை எழுகிறது என்று ஆஸ்திரிய அறிஞர் ஃபிரான்ஸ் உங்கர் 1833இல் எழுதினார். இந்த எண்ணத்தை ஆய்வுச் சான்றுகளால் வீழ்த்தியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் அன்டன் டி பாரி (1831–1888).

பிராங்க்ஃபர்ட் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த டி பாரி, தாமும் மருத்துவமே பயின்றார். 1853இல் பெர்லினில் பட்டம் பெற்ற அதே ஆண்டில், தானியப் பயிர்களின் துருநோய், கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 22. சிறிது காலமே மருத்துவத் தொழில் செய்தபின் ஃபிரைபுர்க், ஹாலே, ஸ்டிராஸ்பூர்க் பல்கலைக்கழகங்களில் தாவரவியல் கற்பித்தார். 1872இல் புதிதாக அமைக்கப்பட்ட ஸ்டிராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டரும் அவரே.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குக் கருகல் நோய் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை விளைவித்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கு இணையான தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். குளிர்ந்த ஈரக்காற்றே காரணம் என்றனர் பலர். பூஞ்சையே காரணம் என்று இங்கிலாந்தின் பாதிரியார் பெர்க்லி 1846இல் வாதிட்டார். ஆனால் நோயுற்ற செடியில் பூஞ்சை இருக்கிறது என்பது மட்டும் அதுவே நோயை உண்டாக்கியது என்பதற்குச் சான்றாகிவிடாது.

இந்த இடைவெளியை நிரப்பியது டி பாரியின் 1861ஆம் ஆண்டு ஆய்வு. ஈரத்தில் வைக்கப்பட்ட வித்துப் பைகளிலிருந்து நுண்ணிய வித்துகள் நீந்தி வெளிவருவதையும், அவை முளைத்து இலைத் திசுவினுள் நுழைவதையும் அவர் நுண்ணோக்கியில் கண்டார். நலமான செடிகளுள் சிலவற்றில் வித்துகளை இட்டார். சிலவற்றை இடாமல் விட்டார். இரு சாராருக்கும் ஒரே ஈரம், ஒரே குளிர். வித்து இட்டவை மட்டுமே கருகின. ஈரம் நோய்க்குத் துணை, பூஞ்சையே அதன் காரணம் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. அவ்வுயிரியை 1876இல் அவர் ஃபைட்டோஃப்தோரா என்னும் தனிப் பேரினமாக்கினார். கிரேக்கத்தில் அதற்குத் 'தாவர அழிப்பான்' என்று பொருள்.

கோதுமைத் துருநோயில் சிக்கல் வேறு. பார்பெரிப் புதர்களின் அருகே விளையும் கோதுமையில் துரு மிகுதி என்பது உழவர்களின் நெடுநாள் அனுபவம். அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தில் 1726இலேயே அப்புதர்களை அழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அறிஞர்களோ தயங்கினர். பார்பெரியில் காணும் பூஞ்சையும் கோதுமையில் காணும் பூஞ்சையும் உருவால் வேறுபட்டு, வெவ்வேறு பேரினங்களாகப் பெயர் பெற்றிருந்தன. டி பாரி அந்தப் பழைய நம்பிக்கையை ஏளனம் செய்யவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை, சோதித்தார். தானியப் பயிரின் துருவிலிருந்து கிடைத்த வித்துகளைப் பார்பெரி இலைகளில் இட்டு நோய் தோன்றச் செய்தார். பின்னர்ப் பார்பெரியின் வித்துகளை ரை பயிரில் இட்டு மீண்டும் துருவை உண்டாக்கினார். தனித்தனி இனங்களாக எண்ணப்பட்டவை ஒரே பூஞ்சையின் வெவ்வேறு பருவங்கள் என்பது 1860களின் நடுவில் இவ்வாறு தெளிவாயிற்று. உழவர் கண்டதற்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது.

ஒட்டுண்ணிகளை இத்துணை நுணுகி ஆராய்ந்த இவரே, 1878இல் காசல் நகரில் ஆற்றிய உரையில், வேறுபட்ட உயிரிகள் இணைந்து வாழ்தலைக் குறிக்கச் 'சிம்பயோசிஸ்' என்னும் சொல்லை நிலைநிறுத்தினார். பூஞ்சையும் பாசியும் சேர்ந்தமைந்த லைக்கன்கள் அதற்கு முதன்மைச் சான்று. இன்று அச்சொல் இருபாலாரும் பயனடையும் உறவையே பெரிதும் குறிக்கிறது. டி பாரியோ ஒட்டுண்ணி வாழ்வையும் அதனுள் அடக்கினார். இணைந்து வாழ்தலில் நன்மையும் தீமையும் ஒரே வரிசையின் இரு முனைகள் என்பதே அவர் பார்வை.

அவருடைய முடிவை எல்லா நிலத்துக்கும் பொருத்திவிட முடியாது என்பதை இந்தியா உணர்த்தியது. ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா, இந்தியாவில் கோதுமைத் துரு ஆண்டுதோறும் திரும்புவதில் பார்பெரிக்குப் பங்கு மிகக் குறைவு என்று நிறுவினார். சமவெளியின் கோடை வெப்பத்தில் அழியும் துரு வித்துகள் இமயத்திலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் கோதுமைச் செடிகளில் எஞ்சியிருந்து, காற்றின் வழியே மீண்டும் வயல்களை அடைகின்றன. டி பாரியின் முடிவிலிருந்து மேத்தா விலகினார்; ஆனால் நோயுயிரியை ஆண்டு முழுதும் பின்தொடரும் அவருடைய வழியையே பின்பற்றினார்.

காலம் டி பாரியின் வகைப்பாட்டையும் மாற்றியிருக்கிறது. அவர் பூஞ்சையெனக் கொண்ட ஃபைட்டோஃப்தோரா இன்று பூஞ்சைகளுள் சேர்க்கப்படுவதில்லை; பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய ஊமைசீட்டுகளுள் ஒன்றாக வைக்கப்படுகிறது. ஆயினும் நீர்த்துளியில் நீந்தி, முளைத்து, இலையினுள் புகும் அந்த வித்துகளைப் பற்றி 1861இல் அவர் கண்டு எழுதியது இன்றைய தாவர நோயியல் வகுப்பிலும் பாடமாகவே இருக்கிறது.