குழலாசிரியரைத் தேடி

இசை பயில விரும்புவோருட் பலர் முதலிற் கருவியை வாங்குவர். பின்னரே ஆசிரியரைத் தேடுவர். முறை இதற்கு நேர்மாறாக அமைதல் வேண்டும் என்பதை உணர்வதற்கு எனக்கு ஏறத்தாழ ஓராண்டு சென்றது. அவ்வோராண்டின் கதையையே ஈண்டு எழுதத் துணிகின்றேன். யான் கற்பது இசை அன்று. கலைப்பீடத்திற் தமிழும் சமூகவியலும் கற்கும் மாணவன். ஆதலின் சங்கீத ஞானம் உடையோர் இதிற் குறை காணின் பொறுத்தருள்வாராக.

எமது ஊர் ஒலுவில். பல்கலைக்கழகமும் துறைமுகமும் ஒரே ஊரில் அமைந்த பேறு எமக்கு உண்டு. துறைமுகப் பணி 2008இல் தொடங்கிற்று. 2013இல் அது திறந்து வைக்கப்பட்டது. பெருங் கப்பல்களை எதிர்நோக்கிக் கட்டப்பட்ட அவ்விடத்தின் வாயிலை மணல் வந்து அடைத்ததும், அலைதடுப்புச் சுவருக்கு வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்ததும் நாடறிந்த செய்திகள். அவற்றின் நன்மை தீமைகளை ஆராய்வது என் நோக்கமன்று. அச்சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து பரந்து கிடக்கும் கரையில் மாலை வேளைகளில் ஆளரவம் குறைவு என்பதே இக்கதைக்கு வேண்டிய செய்தி. புதிதாகக் குழல் ஊதுபவனுக்கு அதனினும் சிறந்த இடம் கிடையாது. கேட்போருக்கும் அது நன்மையே.

என் மூத்தவாப்பாவிடம் ஒரு றபான் இருந்தது. ஆட்டுத்தோல் போர்த்திய அக்கருவியைத் தீயில் மெல்லக் காய்ச்சி, விரல் நுனியால் தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சுவார். தோலின் ஓசை தம் மனத்தில் உள்ள ஓசையோடு ஒத்துவரும் வரை பாடத் தொடங்கமாட்டார். அவருக்கு ஆசிரியர் என்று எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. களிக்கம்பு ஆடுவோரும் பைத் பாடுவோரும் பக்கத்தில் இருக்க, அவர்களோடு இருந்து பழகியதே அவர் கல்வி. அவர் மறைந்தபின் அந்த றபானின் தோல் கிழிந்து, வளையம் மாத்திரம் சுவரிற் தொங்கிற்று. எங்கள் தலைமுறையினருக்குப் பக்கத்தில் இருந்து பழகும் வாய்ப்பு இல்லை. நாம் கட்டணம் கொடுத்து ஆசிரியரைத் தேடவேண்டியவர்கள் ஆனோம்.

2022ஆம் ஆண்டு, எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஒரு திருவிழாக் கடையில் மூங்கிற் குழல் ஒன்றை வாங்கினேன். ஏன் குழலைத் தேர்ந்தேன் என்று பலர் கேட்டதுண்டு. மலிவாக இருந்தது என்பதே உண்மையான விடை.

முதலில் யான் சென்ற இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. ஓர் அறையில் இருபது பிள்ளைகள். அனைவர் முன்னும் மின் இசைப்பலகைகள். மூன்று மாதத்தில் மூன்று சினிமாப் பாட்டு என்பது அவ்விடத்தின் வாக்குறுதி. என் குழலைக் கண்டதும், அதனை வைத்துவிட்டு இசைப்பலகை ஒன்றைத் தம்மிடமே வாங்கிக்கொள்ளுமாறு அறிவுரை கிடைத்தது. இரண்டாம் வகுப்போடு நின்றுகொண்டேன்.

இரண்டாவது ஆசிரியர் அவ்வாறானவர் அல்லர். பட்டமும் சான்றிதழும் உடையவர், காலந் தவறாதவர். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்வதில் பெயர் பெற்றவர். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் வினா, "எந்தத் தரத்துக்கு எடுக்கப் போறீர்?" என்பதே. பரீட்சை எழுதும் எண்ணம் இல்லை என்றேன். பின் எதற்காகப் படிப்பது என்ற வியப்பு அவர் முகத்தில் தெரிந்தது. எனினும் ஏற்றுக்கொண்டார். வாய்ப்பாட்டு மாணவருக்குரிய அதே கொப்பியைத் தந்து, அவர்களுக்குரிய அதே முறையில், மாயாமாளவகௌளை இராகத்துச் சரளி வரிசையை ஊதச் சொன்னார்.

எட்டு மாதங்கள் ஊதினேன். சட்சமும் பஞ்சமமும் ஓரளவு வந்தன. காந்தாரம் மாத்திரம் எவ்வளவு முயன்றும் நேராக வரவில்லை. ஆசிரியர் ஒவ்வொரு முறையும், "காது கொடுத்துக் கேளும்" என்பார். யானும் காது கொடுத்துக் கேட்டேன். பிழை என்று மாத்திரம் கேட்டது, திருத்தம் கேட்கவில்லை. ஒருநாள் அவர் மிக்க அன்போடு, சிலருக்குச் சுருதிஞானம் பிறவியிலேயே அமைவதில்லை, அதனால் மனம் வருந்த வேண்டாம் என்றார். அவர் என்னை இகழ்ந்திருந்தால் யான் எதிர்த்து நின்றிருப்பேன். இரங்கியபடியால் நம்பிவிட்டேன். அந்த எட்டு மாதத்தில் ஒருமுறையேனும் அவர் என் குழலை வாங்கித் தம் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

குழலைத் துணியிற் சுற்றிப் பெட்டகத்தின் அடியில் வைத்தேன். உம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. "ஊரு என்னடா மனே சொல்லும்" என்பது தொடக்கம் முதலே அவரது கவலை. இசைக்கருவி பயில்வது பற்றி மார்க்க அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதை யான் அறிவேன். அதில் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் தஞ்சை மரபின் நாதஸ்வரத்தை நாச்சியார்கோயிற் கலைஞர்களான இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்ற ஷேக் சின்ன மௌலானா சாகிபு 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார் என்ற செய்தியை எங்கோ படித்து, உம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் நெடுநேரம் யோசித்து, "அவருக்கு உம்மா இருந்திருக்கமாட்டா" என்றார். வாதத்தில் யான் தோற்றேன்.

பல்கலைக்கழகம் புகுந்தபின் சிலப்பதிகாரம் பாடமாக வந்தது. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை வரிசைப்படுத்திச் செல்கின்றார். மாதவி ஐந்து வயதிற் தொடங்கி ஏழாண்டுகள் பயின்றாள் என்பதை ஓரிரு அடியில் முடிக்கும் புலவர், ஆசிரியரின் தகுதியை அடிக்கணக்கில் விரிக்கின்றார். மாணவரின் பிறவி ஞானம் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விரிவுரை முடிந்ததும் என் பெட்டகத்தடியிற் கிடந்த குழல் நினைவுக்கு வந்தது. ஒருவேளை யான் தவறான இடத்தில் குறையைத் தேடினேனோ என்ற ஐயம் அன்றுதான் முளைத்தது.

சில வாரங்களின் பின், ஒரு நண்பனைக் காண்பதற்காகச் சைக்கிளில் காரைதீவின் உள்வீதி ஒன்றால் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டிலிருந்து வயலின் ஓசை வந்தது. வாசித்தது ஒரு சிறு பிள்ளை என்பது வில்லின் தடுமாற்றத்திலேயே தெரிந்தது. ஓரிடத்திற் பிழைத்தது. உடனே நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை தானாகவே இரண்டு சுரம் பின்னே சென்று, மெதுவாக வந்து, பிழைத்த இடத்தைச் சரியாகத் தொட்டுக் கடந்தது. வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற எனக்கு உடல் சிலிர்த்தது. நல்ல ஆசிரியர் யார் என்று அதுவரை யான் எத்தனையோ பேரைக் கேட்டிருந்தேன், பட்டங்களை விசாரித்திருந்தேன், கட்டணங்களை ஒப்பிட்டிருந்தேன். மாணவர் ஒருவர் பிழைவிட்டு மீளும் விதத்தை நின்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதில்லை.

பிள்ளையின் ஆசிரியை இரு வீடுகள் தள்ளி வசித்தார். பாடசாலைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர். யான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்து, "மகன், நான் வயலின்காரி. எனக்குக் குழல் ஊதத் தெரியாது" என்றார். ஏமாற்றத்தோடு எழுந்தேன். "எதுக்கும் அந்தக் குழலைக் காட்டுங்க பாப்பம்" என்றார்.

சுருதிப்பெட்டியை இயக்கிவிட்டு, என்னை ஒவ்வொரு சுரமாக நீட்டி ஊதச் சொன்னார். அதே சுரத்தைத் தம் வயலினிலும் இழுத்தார். சட்சமத்தில் இரண்டு ஓசையும் ஒன்றாய்க் கலந்தன. பஞ்சமத்தில் கலந்தன. காந்தாரத்தில் இரண்டும் ஒன்றையொன்று இடித்து அதிர்ந்தன. மூன்று முறை அவ்வாறு செய்துவிட்டு, குழலை வாங்கி வெளிச்சத்திற் பிடித்து உட்புறத்தை நோக்கினார்.

"இதில பிழை உங்கட காதில இல்ல மகன், மூங்கிலில."

மூங்கிலின் உட்குழாயின் விட்டத்துக்கும் சுவரின் தடிப்புக்கும் ஏற்பத் துளைகளின் இடமும் அளவும் மாறவேண்டும். ஒரு குழலின் அளவை வைத்து வேறு பருமனுள்ள மூங்கிலில் துளையிட்டால் சில சுரங்கள் பொருந்தும், சில பொருந்தா. தேர்ந்த கலைஞர் உதட்டைச் சற்றுத் திருப்பி ஊதி அக்குறையை மறைத்துவிடுவர். தொடக்க நிலையோனுக்கு அது இயலாது. குறையுள்ள கருவி வித்துவானை விட மாணவனையே அதிகம் வருத்தும் என்று அவர் விளக்கினார். எட்டு மாதம் யான் சுமந்த குறை, சில நிமிடங்களில் ஒரு மூங்கில் துண்டின் குறையாகிவிட்டது. மகிழ்ச்சியை விட எனக்குக் கோபமே முதலில் வந்தது. யார் மீது என்பது தெரியவில்லை. கடைக்காரன் மீது கோபிக்க இயலாது, அவன் விளையாட்டுப் பொருளையே விற்றான்.

அன்று அவர் செய்த ஏற்பாட்டை இன்றும் வியக்கின்றேன். தம்மால் என் காதைப் பழக்க முடியும், விரலையும் உதட்டையும் பழக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னார். விரலுக்காக, மட்டக்களப்பில் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் பயின்ற ஒருவரிடம் மாதம் ஒருமுறை சென்று வரவேண்டும். வாரம் ஒருமுறை தம்மிடம் வந்து, கற்றதைச் சுருதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் மூலமாகவே ஒழுங்கான குழலொன்றும் கிடைத்தது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பும் ஆசிரியரை அதற்கு முன் யான் கண்டதில்லை. பல்கலைக்கழகங்களிலும் அத்தகையோர் மலிந்து கிடக்கின்றனர் என்று சொல்லமுடியாது.

கல்லடிக்குச் செல்வதென்றால் கல்முனையில் பஸ் மாறி, காலையில் சென்று மாலையில் மீளவேண்டும். அங்குள்ள ஆசிரியர் முதலில் மாயாமாளவகௌளையை நிறுத்தினார். அவ்விராகத்தின் சுரங்கள் சிலவற்றைக் குழலில் எழுப்புவதற்குத் துளையைப் பாதி மூடவேண்டும். துளையை முழுதாய் மூடவே அறியாத விரலுக்கு அது வீண் சுமை. துளைகளை முழுதாய் மூடியும் முழுதாய்த் திறந்தும் ஊதும்போது தென்னாட்டுக் குழல் இயல்பாகத் தருவது அரிகாம்போதியின் சுரங்களை. அதிலேயே தொடங்கினோம். பழந்தமிழரின் செம்பாலை இன்றைய அரிகாம்போதியே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில் அச்சுரங்களை நீட்டி ஊதியபோது, நூலகத்தில் யான் புரட்டி விளங்காது மூடிய அப்பெருநூலின் ஒரு பக்கம் விரல் நுனியில் விளங்கியது போல் இருந்தது.

துறைமுகக் கரையிற் பழகுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஊதுதுளையின் குறுக்கே கடற்காற்று வீசினால் ஓசை எழாது. மூச்சை அது கலைத்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் ஒரு புறமாகவும் வாடை எழும் மாதங்களில் மறு புறமாகவும் கற்களின் மறைவில் உட்காரப் பழகினேன். காற்றின் திசையறிதல் கடற்றொழிலாளி மகனுக்குப் புதிதன்று. ஆயினும் இதற்காக அறியவேண்டி வரும் என்று வாப்பா எண்ணியிருக்கமாட்டார்.

வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒலுவிலுக்கும் காரைதீவுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. களியோடைப் பாலத்தைக் கடந்தால் நிந்தவூர், அதற்கப்பால் காரைதீவு. ஆயினும் 1990ஆம் ஆண்டின் துயரங்களுக்குப் பின் இரு சமூகத்தாரும் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. வாப்பாவின் இளமை அக்காலத்திற் கழிந்தது. யான் வகுப்புக்குச் செல்வதை அவர் தடுக்கவில்லை, "இதால என்ன வரும்?" என்று ஒருமுறை மாத்திரம் கேட்டார். என் சைக்கிள் பழுதான ஒரு நாள், மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிச் சென்று ஆசிரியையின் வாசலில் இறக்கினார். உள்ளே வருமாறு அவர் அழைத்தபோது, வேலை இருப்பதாகச் சொல்லி வேலியருகிலேயே நின்றுவிட்டார். வகுப்பு முடியும் வரை அங்கேயே நின்றார் என்பது பின்னரே தெரிந்தது.

திரும்பும் வழியில் நெடுநேரம் பேசவில்லை. களியோடைப் பாலத்தை அண்மித்தபோது, "நீ நீட்டி ஊதினியே, அது றபானுக்குத் தோல் காய்ச்சிப் பாக்குற மாதிரியா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

அடுத்த கிழமை சைக்கிள் திருத்தப்பட்டிருந்தும் அவரே என்னை ஏற்றிச் சென்றார். கையில் ஒரு பையில் பாரை மீன். ஆசிரியை அதை வாங்கிப் பார்த்து, கல்முனைச் சந்தையில் இதே மீன் என்ன விலை போகிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். வாப்பா படியேறி விறாந்தையில் அமர்ந்து விடை சொல்லிக்கொண்டிருந்தார். யான் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அன்று வகுப்பு அரை மணித்தியாலம் பிந்தியே தொடங்கிற்று.