தோசை மாவுக்கும் பீருக்கும் ஒரே ஃப்ரிட்ஜ்!

நவம்பர்ல போர்ட்லேண்டுக்கு வந்தா, குடையை விரிக்காதீங்க. விரிச்சா வெளியூர் ஆள்னு கண்டுபிடிச்சுடுவாங்க! அமெரிக்காவின் வடமேற்கு மூலை, ஆரெகன் மாநிலம். தூறல் நிக்கவே நிக்காது. இந்த ஊருக்குப் பட்டப்பெயர் 'பீர்வானா'. வீட்டிலேயே பீர் காய்ச்சுறதுக்குன்னு சாமான் விக்கிற 'எஃப்.ஹெச். ஸ்டைன்பார்ட்' கடை இங்கே 1918-ல் ஆரம்பிச்சது. அப்போ ஆரெகன்ல மதுவிலக்கு வந்து ரெண்டு வருஷம்! எப்படிப்பட்ட ஊர்னு புரியுதா?

நகரத்துல இருந்து ப்ளூ லைன் ரயிலைப் பிடிச்சு ஹில்ஸ்பரோ போனேன். சிப் கம்பெனிகளால நம்மூர் ஆட்கள் நிறைய பேர் இருக்கிற இடம். என் காலேஜ் சீனியர், ரெண்டு ரூம்மேட்களோட ஒரு சின்ன அபார்ட்மென்ட்ல இருக்கார். சமையலறையில பெரிய ஃப்ரிட்ஜுக்கு இடமே கிடையாது. இடுப்பு உயர ஃப்ரிட்ஜ்தான். அதுக்குள்ளதான் மாவு, தயிர், புளிக்காய்ச்சல் எல்லாம். அதுக்குள்ளேயே பீர் குழாய் வைக்கப்போறேன்னு அவர் சொன்னதும், வீட்டுல பஞ்சாயத்து!

அங்கே இது சட்டப்படி சரி. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுல வருஷத்துக்கு 200 கேலன் காய்ச்சலாம். விக்கக் கூடாது. குடிக்க 21 வயசு ஆகணும். (நம்ம தமிழ்நாட்டுல 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கு. ஹாஸ்டல்ல முயற்சி பண்ணி என் பேரைச் சொல்லாதீங்க பாஸ்!)

பீர் இருக்கிறது 'கார்னி கெக்' எனும் 19 லிட்டர் ஸ்டீல் டப்பா. முன்னாடி கூல்டிரிங்க்ஸ் சிரப் வந்த டப்பா இது. கம்பெனிகள் பைக்கு மாறினதும் பழசெல்லாம் மலிவா வந்துச்சு. ரப்பர் வளையத்தை மாத்தலைன்னா, பீர்ல பழைய சோடா வாசனை அடிக்கும். படுக்கவும் வைக்க முடியாது. நின்னுதான் ஆகணும். ஆனா ஃப்ரிட்ஜோட பின்பக்கம் கம்ப்ரஸருக்காக ஒரு திட்டு துருத்திட்டு இருக்கு!

கெக் முன்னாடி நின்னதும், கார்பன்-டை-ஆக்ஸைடு சிலிண்டருக்கு இடம் இல்லை. வெளியே வைக்கணும்னா, ஃப்ரிட்ஜ் பக்கவாட்டுல ஓட்டை போடணும். அங்கேதான் கண்டம். பல சின்ன ஃப்ரிட்ஜ்கள்ல சூடான வாயுக் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடும். ட்ரில் பட்டா ஃப்ரிட்ஜ் காலி, மாவும் காலி.

சீனியர் என்ன பண்ணார் தெரியுமா? மக்காச்சோள மாவை ஆல்கஹால்ல குழைச்சு வெளிப்பக்கம் பூசினார். ஃப்ரிட்ஜை ஓடவிட்டார். குழாய் போற இடம் சூட்டுல சீக்கிரம் காயும்ல... கொஞ்ச நேரத்துல வெள்ளைக் கோடு தெரிஞ்சுது, அவர் பென்சில்ல குறிச்ச புள்ளியிலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி! ரூம்மேட் ஒருத்தர் மூச்சே விடலை. குறியை நல்லா நகர்த்தித்தான் ட்ரில் போட்டாங்க.

ஜன்னலை எப்பவும் கொஞ்சம் திறந்தே வைக்கிறார். காரணம், அந்த வாயு. கசிஞ்சா வாசனை வராது, மூடின ரூம்ல ஆளையே மயக்கிடும். இணைப்புகள்ல சோப்புத் தண்ணி தடவி, குமிழ் வருதான்னு பார்த்துட்டுத்தான் தூங்கினார்.

3 டிகிரி குளிர், 12 பி.எஸ்.ஐ. அழுத்தம். வாயு பீர்ல கரைய பத்து நாள் பொறுமை. பதினொண்ணாவது நாள் குழாயைத் திறந்தா, கிளாஸ் முழுக்க நுரை! பீர் வர்ற பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர்தான். குழாய் குட்டையா இருந்தா பீர் சீறிட்டு வரும். மூணு மீட்டர் வாங்கிச் சுருட்டி உள்ளே வச்சதும் அடங்கிடுச்சு.

நான் கிளம்புற அன்னிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். கெக் நிக்க முடியாத அந்தத் திட்டுமேல, தோசை மாவுப் பாத்திரம் ஜம்முனு உக்காந்திருந்தது. தயிர்தான் பாவம், கதவு ஓரத்துல சாய்ஞ்சு நின்னுது.