ஓர் இஸ்பேட் பாக்கி

ரம்மி ஆடி வளர்ந்தவன் போக்கர் மேஜைக்கு வந்தால் ஒரு வியாதியையும் கூடவே கொண்டு வருவான். இன்னும் ஒரு சீட்டு வந்தால் கை சேர்ந்துவிடும் என்றால், அந்தச் சீட்டைப் பார்க்காமல் கையைக் கீழே வைக்க மனசு வராது. எனக்கும் அப்படித்தான். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃபிளஷ்ஷுக்கு நாலு சீட்டு கையில் சேர்ந்து, இன்னொன்று பாக்கி என்றால், எதிராளி எவ்வளவு கட்டினாலும் முதலில் ‘கால்’ சொல்வேன், பிறகுதான் யோசிப்பேன். கணக்குத் தெரியாமல் செய்ததில்லை. தெரிந்த கணக்கே சாக்காகவும் ஆகிவிட்டது.

அந்தக் கணக்கு சின்னதுதான். நாலு இஸ்பேட் கண்ணில் பட்டாயிற்று, மிச்சம் 9. மேஜையில் முதல் மூன்று பொதுச் சீட்டு, அதாவது ஃபிளாப், விழுந்தபின் நமக்குத் தெரியாத சீட்டு 47. அடுத்து வரும் டர்ன், ரிவர் சீட்டு இரண்டையும் பார்க்க முடிந்தால் ஃபிளஷ் விழ 35 சதவீதம் வாய்ப்பு. ஒரே சீட்டுதான் என்றால் 20-க்குச் சற்றுக் கீழே. மேஜையில் மனக்கணக்காகப் போட, வர வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கையை நாலால் பெருக்குவார்கள். ஒரு சீட்டுதான் பாக்கி என்றால் இரண்டால். வரும் சதவீதத்தைப் பாட்டோடு, அதாவது நடுவில் குவிந்து கிடக்கும் பந்தயத் தொகையோடு ஒப்பிட்டால் முடிவு கிடைத்துவிடும். சிப்பை அப்படியே காசாக்கிக்கொண்டு எழுந்து போகக்கூடிய மேஜையில் இவ்வளவு போதும்.

கோவாவில், பனாஜியை ஒட்டி மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் நடந்த டோர்னமென்ட். 16 பேர் மிச்சம், 15 பேருக்குப் பரிசு. பிளைண்ட் எனும் கட்டாயப் பந்தயம் 1,000–2,000. பெரிய பிளைண்டில் நான். கையில் இஸ்பேட் ஒன்பதும் எட்டும். ஒருவர் 5,000-க்கு ஏற்றினார், இருவர் சேர்ந்துகொண்டார்கள், நானும் சேர்ந்தேன். ஃபிளாப்பில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் நாலு, டைமண்ட் இரண்டு. ஆன்ட்டியையும் சேர்த்துப் பாட்டில் 23,000. நான் செக். ஏற்றியவர் ஆல்-இன் என்று எல்லாவற்றையும் முன்னே தள்ளினார். மற்ற இருவரும் சீட்டை வீசிவிட்டார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது 20,000.

20,000 போட்டு 43,000-ஐப் பிடிக்க 32 சதவீத வாய்ப்பு இருந்தால் நஷ்டமில்லை. என்னிடம் 35. பழைய நான் என்றால் இதற்குள் சிப்பைத் தள்ளியிருப்பேன்.

ஆனால் டோர்னமென்ட்டில் ஜெயிக்கிற சிப்பும் தோற்கிற சிப்பும் ஒரே மதிப்பில்லை. டேவிட் ஹார்வில் என்பவர் குதிரைப் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவது இடம் எந்தக் குதிரைக்கு என்று கணிக்க 1973-இல் ஒரு சூத்திரம் தந்தார். அதே மாதிரிக் கணக்கை 1980-களில் போக்கருக்குக் கொண்டுவந்தவர் மேசன் மால்முத். ஐசிஎம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது அதைத்தான்.

மூன்று பேர், சம அளவு சிப், பரிசு 50, 30, 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் கையும் இப்போது 33 ரூபாய் 33 காசு பெறும். இருவர் மோதி நான் ஜெயித்தால் என் சிப் இரண்டு மடங்காகும், மதிப்பு 43.33 தான் ஆகும். தோற்றால் 20. பத்து ரூபாய் லாபத்துக்காகப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல் பணயம். ஆகவே கால் சொல்ல 50 சதவீதம் போதாது, 57 வேண்டும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மூன்றாமவர் மதிப்போ 36.67-க்கு ஏறிவிடும். முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது, அத்தனை நாள் நான் யாருக்கெல்லாம் தர்மம் செய்தேன் என்று புரிந்தது!

அன்று எனக்கு இன்னொரு விஷயமும் தெரியும். அடுத்த மேஜையில் இருவரிடம் ஐயாயிரம்கூட இல்லை. அவர்களில் ஒருவர் போனால் எனக்குப் பரிசு நிச்சயம். இதே கையோடு நானே முந்திக்கொண்டு ஆல்-இன் போட்டிருந்தால் எதிராளி பயந்து விலகவும் வாய்ப்பிருக்கும். கால் சொல்பவனுக்கோ ஜெயிக்க ஒரே வழி, சீட்டு வந்தாக வேண்டும்.

கையைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர்ப் பையன் எட்டிப் பார்த்துவிட்டான். “என்னங்ணா, ஃபிளஷ்ஷையா விட்டீங்க?” என்றவன், அடுத்து என்ன சீட்டு வந்திருக்கும் என்று காட்டச் சொல்லி டீலரைக் கேட்டான். டோர்னமென்ட் விதிப்படி காட்டக் கூடாது. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கட்டை வாரிக் கலைக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு சீட்டையும் பார்க்க எனக்குக் கை பரபரத்தது உண்மை. நான் இத்தனை காலம் காசு கொடுத்தது ஜெயிப்பதற்கா, பார்ப்பதற்கா என்ற சந்தேகம் அங்கேதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த மேஜையில் ஒருவர் வெளியேறினார். எனக்குக் கிடைத்த பரிசு விமான டிக்கெட்டுக்குக்கூடக் காணவில்லை என்பது வேறு விஷயம்.

நாலு இஸ்பேட்டோடு உட்கார்ந்திருக்கும்போது எதிரே ஆல்-இன் வந்தால், பாட்டைப் பார்ப்பதற்கு முன் மேஜையைச் சுற்றிப் பாருங்கள். பரிசுக்கு இன்னும் ஓரிருவர்தான் போக வேண்டும், உங்களைவிடச் சிப் குறைந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். எல்லோரையும்விடக் குறைந்த ஆள் நீங்கள்தான், பாட்டும் விலைக்கு ஈடு கொடுக்கிறது என்றால், பிளைண்ட் உங்களை விழுங்குவதற்குள் தயங்காமல் கால் சொல்லுங்கள்.