சுவர் கனம்

மிச்சிகன் மாநிலத்தில் சாகினா நகருக்கு வெளியே, சோளக் காடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஓர் எஞ்சின் பட்டறை. உள்ளே நுழைந்ததும் வெட்டு எண்ணெய் வாசனை. நம் ஊர் லேத் பட்டறைகளில் அடிக்கும் அதே வாசனைதான். நண்பர் தன் பிக்கப் வண்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்த பழைய பிளாக்கைச் சங்கிலிக் கப்பியில் மாட்டி இறக்கினோம். கிராங்க் இல்லை, பிஸ்டன் இல்லை. வெறும் வார்ப்பிரும்புக் கூடு. அதுவே ஏறக்குறைய 70 கிலோ இருக்கும்.

ஷெவர்லேயின் சிறிய வி8 எஞ்சின் 1955-ல் 265 கன அங்குலக் கொள்ளளவோடு வந்தது. 1967-ல் கமேரோ காருக்காக அது 350 ஆனது. அதன் பிளாக்குகளை வார்த்த ஊர்களில் சாகினாவும் ஒன்று. பட்டறைப் பெரியவர் இளவயதில் வார்ப்படச் சாலையில் மணல் அச்சு கட்டியவர். ஐம்பது ஆண்டு கழித்து அதே இரும்பைச் சோதித்துத் தேர்ந்து கொடுக்கிறார்.

நண்பருக்கு 350-ஐ 383 ஆக்க வேண்டும். போரை, அதாவது சிலிண்டர் விட்டத்தை, 30 தௌ (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்கைப் போட்டால் 383 வந்துவிடும். அவருடைய நம்பிக்கையெல்லாம் பிளாக்கின் பின்விளிம்பில் புடைத்திருந்த 3970010 என்ற எண்ணின் மேல். இந்த எண் உள்ள பிளாக்குகள் 1969 முதல் எழுபதுகளின் கடைசி வரை வார்த்தவை. கடைசி மூன்று எண்களைச் சொல்லியே சந்தையில் கேட்டு வாங்குகிறார்கள். போதாததற்கு, இதில் கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புகளில் நடு மூன்றுக்கும் நான்கு போல்ட். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்திருந்தார்.

டைமிங் மூடிக்கு அடியில் சில பிளாக்குகளில் 010, 020 என்று எண்கள் இருக்கும். வெள்ளீயமும் நிக்கலும் கூடுதலாகச் சேர்த்த இரும்பு என்பதற்கு அடையாளம் அது என்று நம்புகிறவர்கள் உண்டு. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "எண் அச்சுப்பெட்டியில் இருந்தது. இரும்பு அன்றைக்கு எப்படி ஊற்றினார்களோ அப்படி" என்றார். அன்று முழுவதும் அந்த வாக்கியம் என்னோடு வந்தது.

உதவியாளப் பையன் பிளாக்கை வெந்நீர்த் தொட்டியில் கழுவி எடுத்தான். அடுத்து விரிசல் பார்க்கும் வேலை. மின்காந்தத்தின் இரண்டு கால்களையும் இரும்பில் பதித்து, நடுவே மெல்லிய இரும்புத் தூளை ஊதினான். விரிசல் இருந்தால் காந்தப் புலம் அங்கே வெளியே கசியும். தூள் ஓடிப்போய்க் கோடாக ஒட்டிக்கொள்ளும். போல்ட் துளைகளைச் சுற்றி, மெயின் கேப் உட்காரும் குறுக்குச் சுவர்களில், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் என்று ஓரிடம் விடாமல் பார்த்தான். அந்தப் பள்ளம் இந்த ஊரில் முக்கியம். மிச்சிகன் குளிரில் வெறும் தண்ணீரோடு விட்டுவிட்ட எஞ்சின் உறைந்து விரிந்து அங்கேதான் பிளக்குமாம். நண்பரின் பிளாக்கில் கோடு எதுவும் விழவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

பெரியவர் டார்ச் அடித்து லிஃப்டர் துளைகளைக் காட்டினார். துளை, தன்னைச் சுற்றியுள்ள வார்ப்புக் குமிழின் நடுவில் இருக்க வேண்டும். இதில் எல்லாமே ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெற்றிடத்தை உண்டாக்குவது மணலில் செய்த கோர். உருகிய இரும்பு பாயும்போது கோர் மயிரிழை நகர்ந்தாலும் சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடித்து, எதிர்ப்பக்கம் மெலிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது; ஒதுங்கிய லிஃப்டர் துளைகள் ஒரு குறிப்புத்தான். போரிங் இயந்திரமோ நேராகத்தான் துளைக்கும்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிக் கேட்போமே, இங்கே அந்த வேலையை மீயொலி செய்கிறது. கனம் தெரிந்த இரும்புத் துண்டில் முதலில் கருவியைச் சரிபார்த்தார். பிறகு பசை தடவிய முனையைச் சிலிண்டர் சுவரில் வைத்தார். ஒலி அப்பால் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு கருவி கனத்தைச் சொன்னது. ஒரு சிலிண்டருக்கு மேல், நடு, கீழ் என மூன்று மட்டம். மட்டத்துக்கு நான்கு திசை. எட்டு சிலிண்டருக்கு 96 அளவுகள். அவர் சொல்லச் சொல்லப் பையன் அந்தந்த இடத்துக்கு மேலேயே சாக்பீஸால் எழுதினான். 215, 220, 205 தௌ. ஆறாவது சிலிண்டரில் 140. முனையைத் துடைத்து, மீண்டும் பசை தடவி வைத்தார். 140தான்.

அது எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது கனெக்டிங் ராட் சாய்ந்திருப்பதால், பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அழுந்துகிறது. இந்த எஞ்சினை முன்னாலிருந்து பார்த்தால் அது இடப்பக்கம். 140 காட்டியதும் இடப்பக்கம்தான். 30 தௌ போர் செய்தால் அந்தச் சுவரில் இன்னும் 15 தௌ போய்விடும்.

"கடைக்குப் போய்வர இது போதும். நீங்கள் கேட்கிற சக்திக்கு 200-க்குக் கீழே போக எனக்கு மனம் வராது" என்றார்.

"ஸ்லீவ் அடித்துவிட்டால்?" என்றார் நண்பர்.

"அடிக்கலாம். உங்கள் பணம் கரையும். அடுத்த சிலிண்டர் 165 காட்டுகிறதே, அதை என்ன செய்வது?"

எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். வேலை கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தே இதைச் சொல்கிற கைவினைஞரை எந்த நாட்டில் பார்த்தாலும் எனக்கு மரியாதை வந்துவிடும்.

மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இன்னொரு பிளாக் கிடந்தது. பழைய சரக்கு வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது. இரண்டு போல்ட் கேப். நண்பர் தயங்கினார். நான்கு போல்ட் பிளாக்கில் வெளிப்புற போல்ட்டுகள் நேராகக் கீழிறங்கி, குறுக்குச் சுவரின் மெலிந்த பகுதியைத் துளைக்கின்றன என்று பெரியவர் விளக்கினார். இரண்டு போல்ட் பிளாக்கில் அந்தப் பகுதி முழுசாக இருக்கும். அதில் வெளி போல்ட்டுகள் சாய்வாக இறங்கும் எஃகு கேப்புகளைப் போட்டு, மெயின் துளைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி அறுத்தெடுத்தால் பிடிமானம் கூடும் என்றார்.

பையன் அதையும் கழுவி, தூள் ஊதிப் பார்த்து, தூக்கிப் பலகையில் வைத்தான். மறுபடி முதலிலிருந்து 96. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. 225, 230, 220. இம்முறை நண்பரே சாக்பீஸை வாங்கி எழுதத் தொடங்கினார். ஆறாவது சிலிண்டர் வந்ததும் அவர் கை நின்றது. பெரியவர் முனையை இடப்பக்கச் சுவரில் வைத்தார்.

"235" என்றார். நண்பர் எழுதினார்.